அவள் ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

வாசிக்க வேண்டிய வேதபகுதிகள்: ஆதியாகமம் 16; எண்ணாகமம் 27:1–11; உபாகமம் 23:15–16; லூக்கா 18:1–8





இந்நாட்டில் தஞ்சம் கோரியிருக்கும் பெண்கள் வியாழக்கிழமை பிற்பகல்களில் கூடிவருவதற்கு நமது சபை மண்டபத்தைத் திறந்துகொடுக்கலாமா என்னும் கேள்வி அடுத்த மாதம் சபைக் குழுவின் முன் வருகிறது. ஒரு குவளைத் தேநீர், ஒரு வேளை உணவு, குழந்தைகள் விளையாட ஓர் இடம், கடிதங்களை வாசித்து விளங்கிக்கொள்ள ஒரு துணை. கேட்கப்படுவது இவ்வளவே. ஆயினும் கடந்த மூன்று வாரங்களாக ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போதும், தொலைபேசியிலும், கடிதத்திலும் வந்த ஆட்சேபங்கள் பல. ஆட்சேபித்தவர்கள் சபையின்மீது அன்புள்ளவர்கள். அவர்களுக்கு வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் பதில் சொல்வது மரியாதையாகாது. ஆகையால் இந்த வாரத் தியானத்தை அதற்கென்றே ஒதுக்குகிறேன். ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன், பொறுமையோடு வாசியுங்கள்.

"அவர்கள் சட்டத்தை மீறி வந்தவர்கள்"

இதுவே முதல் ஆட்சேபம். ரோமர் 13ஆம் அதிகாரத்தை எனக்கு நினைவூட்டியவர்கள் நான்கு பேர். அதிகாரங்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பவுல் எழுதியது உண்மை. அந்தப் பவுலே, சாட்டையால் அடிக்க வாரினால் கட்டப்பட்டபோது தன் ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொன்னார்; எருசலேமில் நியாயம் கிடைக்காது என்று கண்டபோது இராயனுக்கு அபயமிட்டார் (அப்போஸ்தலர் 22, 25). சட்டம் தரும் வழியில் முறையிடுவதைப் பவுல் கீழ்ப்படியாமை என்று எண்ணவில்லை.

தஞ்சம் கோருவதும் சட்டம் தந்த வழியே. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் 14ஆம் பிரிவில் அந்த உரிமையைச் சொல்கிறது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் பிரித்தானியா கையொப்பமிட்டிருக்கிறது. உயிருக்கு ஆபத்துள்ள இடத்திலிருந்து நேராகத் தப்பி வந்து, தாமதமின்றித் தன்னை அதிகாரிகளிடம் தெரியப்படுத்துகிற அகதியை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்று அதன் 31ஆம் பிரிவு கூறுகிறது. தஞ்சம் கோருவதற்கென்று ஒரு விசா கிடையாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். கோருகிறவர் முதலில் இந்த மண்ணில் வந்து நிற்க வேண்டும். வாசலை அடைத்துவைத்துவிட்டு, "ஏன் வாசல் வழியாக வரவில்லை?" என்று கேட்பது நியாயமா?

ஒரு சகோதரர் ஆதியாகமத்திலிருந்தே எனக்குப் பதில் எழுதியிருந்தார். ஆகார் ஓடிப்போனபோது, எஜமானியிடம் திரும்பிப் போய் அடங்கியிரு என்றுதானே கர்த்தருடைய தூதன் சொன்னான் என்பது அவருடைய வாதம். கடினமான வசனம்தான், அதை மெழுகிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஆனால் அந்த அதிகாரத்தை முழுமையாக வாசியுங்கள். தூதன் அவளைத் தேடி வந்து கண்டுபிடிக்கிறான். அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறான். ஆபிராமும் சாராயும் அந்த அதிகாரத்தில் ஓரிடத்திலும் அவள் பெயரை உச்சரிக்கவில்லை. அவள் எங்கிருந்து வருகிறாள், எங்கே போகிறாள் என்று முதலில் விசாரிக்கிறான். அவளுடைய சந்ததிக்கு வாக்குத்தத்தம் தருகிறான். தன்னைக் காண்கிற தேவன் என்று கர்த்தருக்குப் பெயரிடும் சிலாக்கியம், வேதாகமத்திலேயே முதன்முதலாக, ஓடிப்போன இந்த எகிப்திய அடிமைப் பெண்ணுக்கே கிடைக்கிறது. 21ஆம் அதிகாரத்தில் அவள் மறுபடியும் வனாந்தரத்தில் நிற்கும்போது, திரும்பிப் போ என்னும் கட்டளை வரவில்லை. அவள் கண்கள் திறக்கப்பட்டு ஒரு துரவைக் காண்கிறாள்.

இஸ்ரவேலுக்கு நியாயப்பிரமாணம் கொடுக்கப்பட்டபோது இந்தக் காரியத்தில் ஐயத்துக்கு இடமே வைக்கப்படவில்லை. எஜமானிடமிருந்து தப்பி வந்து உன்னிடத்தில் சேர்ந்தவனை மறுபடியும் அந்த எஜமானிடம் ஒப்புக்கொடுக்கலாகாது; அவன் தெரிந்துகொண்ட ஊரில் உன்னோடே குடியிருக்கட்டும்; அவனை ஒடுக்காதே. உபாகமம் 23ஆம் அதிகாரத்தின் கருத்து இது. ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பலாகாது என்று 1951இன் உடன்படிக்கை 33ஆம் பிரிவில் எழுதியதை, மோசே மோவாபின் சமனான வெளிகளில் முன்னமே சொல்லிவைத்தார்.

"உண்மையானால் முதலிலேயே சொல்லியிருப்பாள்"

பலர் மெல்லிய குரலில் சொல்லும் ஆட்சேபம் இது. "ஐயா, முதலில் ஒரு கதை, பிறகு வேறொரு கதை. பொய் அல்லவா?" இதற்கு நான் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களைக் கூறுகிறது: இனம், மதம், தேசியம், குறிப்பிட்டதொரு சமூகப் பிரிவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து. பெண் என்பதனால் ஒருத்தி அனுபவிக்கும் கொடுமை அந்தப் பட்டியலில் இல்லை. உலகப் போரின் சாம்பலில் நின்று அதை எழுதியவர்கள், அகதி என்றதும் அரசுக்கு எதிராகப் பேசிய ஒரு மனிதனையே மனக்கண்ணில் கண்டார்கள். வீட்டுக்குள் அடிபட்டவள், கட்டாய மணத்துக்குத் தப்பியவள், காவலறையில் கெடுக்கப்பட்டவள் ஆகியோர் அவர்கள் கண்ணில் படவில்லை.

1999ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை நீதிபதிகள் ஒரு தீர்ப்பு வழங்கினார்கள். பாகிஸ்தானைச் சேர்ந்த இரண்டு பெண்கள் கணவர்களால் வீட்டைவிட்டு விரட்டப்பட்டு, விபசாரம் என்னும் பொய்க் குற்றச்சாட்டுக்கு அஞ்சி நின்றார்கள். அரசு பாதுகாப்புத் தராத அந்தச் சூழலில், பெண்களை ஒரு சமூகப் பிரிவாகக் கருதலாம் என்று நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். 2006ஆம் ஆண்டில், பெண்ணுறுப்புச் சிதைப்புக்கு அஞ்சி சியரா லியோனிலிருந்து ஓடிவந்த ஓர் இளம்பெண்ணின் வழக்கிலும் அந்த வாசல் திறந்தது. 2024 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், தாலிபான் ஆட்சியின்கீழ் ஆப்கானியப் பெண்களுக்குத் தஞ்சம் வழங்க அவர்களுடைய பாலினமும் தேசியமுமே போதுமானதாகலாம் என்று தீர்ப்பளித்தது. செலோப்பியாத்தின் குமாரத்திகள் ஐவரும் ஆசரிப்புக் கூடார வாசலில் மோசேக்கும் பிரபுக்களுக்கும் முன்பாக நின்று, எங்களுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று கேட்டதை நினைவுகூருங்கள். மோசே அந்த வழக்கைக் கர்த்தரிடம் கொண்டுபோனார். அவர்கள் கேட்பது சரியே என்று கர்த்தர் சொன்னார், பிரமாணமே திருத்தப்பட்டது. பெண்கள் முன்வந்து கேட்டதனால் சட்டம் திருந்துவது தேவனுக்குப் புதிய காரியமல்ல.

ஆனால் கேட்பதற்கு வாய் திறக்க வேண்டுமே! இங்கேதான் இடறல். தஞ்சம் கோருகிறவள் முதல் விசாரணையில் சிலவற்றைச் சொல்கிறாள். மாதங்கள் கடந்து விரிவான நேர்காணலில் ஒரு மேசைக்கு முன் உட்காருகிறாள். எதிரே ஓர் அதிகாரி. பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். பெண் அதிகாரியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டுமென்று அவள் கேட்கலாம். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. அவள் சொல்வதில் தாமதம் இருந்தால் அது அவளுடைய நம்பகத்தன்மையைக் குறைக்கும். குறிப்பிட்ட சில நடத்தைகளை நம்பகத்தன்மைக்குக் கேடானவையாகக் கருத வேண்டும் என்று 2004ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் 8ஆம் பிரிவில் விதித்திருக்கிறது. வன்கொடுமைக்கு உள்ளானவர்கள் அதைத் துண்டுதுண்டாகவும் தாமதமாகவுமே சொல்வார்கள் என்பதை மருத்துவர்கள் அறிவார்கள். தாயாயிருக்கும் எவரும் அறிவார். ஆனால் கோப்பில், "ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்ற கேள்வி எழுதப்பட்டுவிடுகிறது.

பிரியமானவர்களே, அந்தக் கேள்விக்கான பதிலில் பாதி நம்மிடத்தில் இருக்கிறது. நம் சமூகத்தில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்தது வெளியே தெரிந்தால் என்ன நடக்கும்? அவள் தங்கைக்கு வரன் அமையாது. ஊரில் இருக்கும் தாய் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. கணவன் வீட்டார் என்ன சொல்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர் தமிழர். அவர் பேச்சில் தன் ஊர் வாடை அடிக்கிறது. ஒருவேளை அவர் அடுத்த ஞாயிறு நம் ஆலயத்திலேயே உட்காரக்கூடும். அவள் வாயை மூடிக்கொள்கிறாள். உள்துறை அமைச்சகத்துக்கு அஞ்சி அவள் மௌனமாகவில்லை. நமக்கு அஞ்சியே மௌனமானாள். நம் வீட்டு வரவேற்பறைகளிலும், ஆலயத்துக்குப் பின்னே கார் நிறுத்துமிடத்திலும் நாம் பேசும் பேச்சுகள் அந்த நேர்காணல் அறைவரைக்கும் போய் அவள் நாவைக் கட்டுகின்றன. அப்படியிருக்க, "ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று கேட்க நமக்கு முகம் இருக்கிறதா?

இது கற்பனைப் பேச்சல்ல. இலங்கையில் தடுப்புக்காவலில் தமிழர்மீது, பெண்கள்மீதும் ஆண்கள்மீதும், நிகழ்த்தப்பட்ட பாலியல் வன்கொடுமைகளை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2013 பிப்ரவரியில் அறிக்கையாக வெளியிட்டது. 2006 முதல் 2012 வரையில் நிகழ்ந்த 75 சம்பவங்கள் அதில் உள்ளன. அதே மாதத்தில்தான், தனி விமானத்தில் கொழும்புக்கு அனுப்பப்படவிருந்த தமிழர்களின் நாடுகடத்தலை லண்டன் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

பொய் சொல்கிறவர்களே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. சபைக்கு வராத ஒருவர் வருகிறார் என்று கடிதம் தரும்படி என்னிடம் கேட்டவர்கள் உண்டு; நான் தந்ததில்லை, இனியும் தரமாட்டேன். பொய்ச்சாட்சி சொல்லாதே என்னும் கற்பனை போதகருக்கும் உரியது. ஆயினும் ஒருவர் பொய் சொன்னார் என்பதற்காக எல்லாருடைய வாயையும் அடைப்பது எந்தக் கற்பனையில் இருக்கிறது?

"உதவி செய்யலாம், அரசியல் வேண்டாம்"

மூன்றாவது ஆட்சேபம் பக்தியின் உடை தரித்து வருகிறது. அரிசி கொடுப்போம், போர்வை கொடுப்போம், கிறிஸ்மஸ் பொதி கொடுப்போம். ஆனால் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவது, தடுப்பு முகாம் வாசலில் நிற்பது, மனுவில் கையொப்பமிடுவது ஆகியவை சபையின் வேலை அல்ல என்கிறார்கள்.

பெட்ஃபோர்ட்ஷயரில் 2001ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட யார்ல்ஸ் வுட் தடுப்பு முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெண்களை அடைத்துவைத்த பிரதான இடம் அது. இந்நாட்டில் குடிவரவுத் தடுப்புக்காவலுக்குப் பொதுவான கால வரம்பு சட்டத்தில் இல்லை. சிறைத்தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு விடுதலை நாள் குறிக்கப்படுகிறது, இவர்களுக்கு அது குறிக்கப்படுவதில்லை. 2014இல் மட்டும் அங்கே 99 கர்ப்பிணிகள் வைக்கப்பட்டிருந்தார்கள் என்றும், அவர்களில் ஒன்பது பேரே நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள் என்றும் சிறைகளின் தலைமை ஆய்வாளர் 2015இல் அறிக்கையிட்டார். மற்ற 90 பேரும் எதற்காக அடைக்கப்பட்டார்கள்? பதில் சொல்வாரில்லை.

அந்த முகாமுக்குப் போர்வை கொண்டுபோய்க் கொடுப்பதோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த ஆண்டு இன்னும் 99 போர்வைகள் தேவைப்பட்டிருக்கும். ஆனால் சாதாரண மனிதர்கள் வாரந்தோறும் சென்று உள்ளே இருந்தவர்களைச் சந்தித்தார்கள். 2006இல் தொடங்கப்பட்ட 'விமன் ஃபார் ரெஃப்யூஜி விமன்' என்னும் அமைப்பு, தஞ்சம் கோரிய பெண்களையே மேடையேற்றிப் பேசவைத்தது. 2014இல் அவளை விடுதலை செய்யுங்கள் என்னும் முழக்கத்தோடு ஓர் இயக்கம் எழுப்பியது. உள்ளே இருந்தவர்களும் வாளாவிருக்கவில்லை. 2018இல் நூற்றுக்கும் மேற்பட்டோர் உணவு மறுத்துப் போராடினார்கள். 2016ஆம் ஆண்டின் சட்டம், கர்ப்பிணிகளை 72 மணி நேரத்துக்கு மேல் அடைத்துவைக்கக் கூடாது, அமைச்சரின் அனுமதி இருந்தால் ஒரு வாரம்வரை என்று வரம்பு விதித்தது. முழுத் தடையே வேண்டும் என்பது கோரிக்கை; கிடைத்தது பாதி. 2021இன் இறுதியில் டர்ஹாம் மாவட்டத்தில் பெண்களுக்கென்று வேறொரு முகாம் திறக்கப்பட்டது. அதன் வாசலிலும் மக்கள் நிற்கத் தொடங்கினார்கள். லூக்கா 18இல் வரும் விதவை ஒரே நாளில் தீர்ப்புப் பெறவில்லை. அவள் திரும்பத் திரும்பப் போனாள். தேவனுக்கும் அஞ்சாத நியாயாதிபதி அவளுடைய அலட்டலைத் தாங்காமல் நியாயம் செய்தான். சோர்ந்துபோகாமல் ஜெபம்பண்ண இந்த உவமையைக் கற்பித்த ஆண்டவர், ஜெபத்துக்கு மாதிரியாக ஒரு மனுதாரப் பெண்ணையே தெரிந்துகொண்டார்!

தூரத்து உதாரணம் ஒன்று. ஆஸ்திரேலியாவில் குவின்ஸ்லாந்து மாநிலத்தில் பிலோயலா என்னும் சிற்றூர். 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலையில், அங்கே வாழ்ந்த ஒரு தமிழ்த் தாயும் தகப்பனும் இரண்டு பெண் குழந்தைகளும் அதிகாரிகளால் கொண்டுபோகப்பட்டார்கள். அவ்வூரார் பெரும்பாலும் தமிழரல்லர், போராட்டம் அறியாதவர்கள். எனினும் அவ்வூர்ப் பெண்கள் சிலர், எங்கள் அயலாரை எங்களிடம் திருப்பித் தாருங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். 2019 ஆகஸ்டில் அந்தக் குடும்பத்தை ஏற்றிப் பறந்துகொண்டிருந்த விமானம், நீதிமன்றத்தின் தடையுத்தரவால் டார்வினில் இறங்கியது. பின்பு கிறிஸ்மஸ் தீவில் சிறையிருப்பு. நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வூரார் ஓயவில்லை. 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. அந்தத் தமிழ்த் தாய்க்காக அந்நியர்கள் நான்கு ஆண்டுகள் கதவைத் தட்டினார்கள். தமிழ்ச் சபையாகிய நாம் வாரத்தில் ஒரு பிற்பகல் கதவைத் திறப்பதற்கு விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.

"நாங்கள் முறையாக வந்தவர்கள்"

இதற்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். நம் சபையில் வேலை அனுமதியோடு வந்த தாதியரும் பொறியாளரும் உண்டு. 1983க்குப் பிறகும் 2009க்குப் பிறகும் கையில் ஒரு பையோடு வந்திறங்கியவர்களும் உண்டு. பின்னவர்களில் சிலர் இன்று "அவர்கள்" என்று சுட்டிப் பேசுவதைக் கேட்கும்போது என் உள்ளம் கலங்குகிறது. எகிப்திலே பரதேசிகளாயிருந்ததை மறவாதே என்று இஸ்ரவேலுக்கு ஏன் அத்தனை முறை சொல்லப்பட்டது? சொந்த வீடும் திராட்சத்தோட்டமும் கிடைத்த பின்பு மனிதன் முதலில் மறப்பது அதைத்தான்.

ஆகையால் என்ன செய்யலாம்?

முதலாவது, மண்டபத்தைத் திறப்போம். தஞ்சம் கோரியவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. 12 மாதங்களுக்கு மேல் காத்திருந்தால் விண்ணப்பிக்கலாம், அதுவும் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும். 2024இல் உணவளிக்கும் விடுதிகளில் தங்கவைக்கப்பட்டவருக்கு வாரத்துக்குத் தரப்பட்டது 8 பவுண்டு 86 பென்ஸ். நாளொன்றுக்குக் கணக்கிட்டால் 1 பவுண்டு 27 பென்ஸ்கூட முழுதாக இல்லை. லண்டனில் ஒரு பேருந்துப் பயணத்துக்கே அப்போது 1 பவுண்டு 75 பென்ஸ். நம்மிடம் வருவதற்கே அவளுக்கு ஒரு நாள் பணத்துக்கும் அதிகமாகச் செலவாகும். எனவே பயணப்படியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

இரண்டாவது, 'சைன்' போடச் செல்லும் நாளில் கூடப் போவோம். உள்ளே போனவள் வெளியே வருவாளா என்று தெரியாமல் தனியே நிற்பவளுக்கு, வாசலில் காத்திருக்கும் ஒரு சகோதரி எவ்வளவு பெரிய ஆறுதல்!

மூன்றாவது, சட்ட ஆலோசனை சொல்லாதிருப்போம். பதிவுபெறாதவர் குடிவரவு ஆலோசனை வழங்குவது 1999ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். தவறான ஆலோசனை ஒரு வழக்கையே கெடுத்துவிடும். தகுதியுள்ள வழக்கறிஞரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், பெண் அதிகாரியைக் கேட்கலாம் என்று தெரியப்படுத்துவதும் நம் பங்கு.

நான்காவது, நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுவோம். நம் பெயரும் முகவரியும் உள்ள கடிதத்துக்கு அவர் அலுவலகத்தில் மதிப்புண்டு. தஞ்சம் கோரியவளுக்கு வாக்குரிமை இல்லை. நம்மில் பலருக்கு இருக்கிறது.

ஐந்தாவதே எல்லாவற்றிலும் கடினம்: நாவை அடக்குவோம். வியாழக்கிழமைகளில் அந்த மண்டபத்தில் கேட்கும் ஒரு சொல்கூட ஞாயிற்றுக்கிழமை இந்த வளாகத்தில் ஒலிக்கலாகாது. யார், எந்த ஊர், யாருடைய மகள், கணவன் எங்கே என்று துருவிக் கேட்கலாகாது. இதைக் காக்க முடியாதவர் அன்புகூர்ந்து அந்த ஊழியத்துக்கு வராதிருங்கள். பூட்டிய கதவைவிட, திறந்த கதவும் பூட்டாத வாயும் அவளுக்கு அதிகக் கேடு செய்யும்.

எபிரெய மருத்துவச்சிகளான சிப்பிராளும் பூவாளும் பார்வோனின் கட்டளைக்கு முன்பாகத் தேவனுக்குப் பயந்தார்கள். அவர்கள் பெயர்களை வேதம் எழுதிவைத்திருக்கிறது. அந்தப் பார்வோனுடைய பெயர் அதில் இல்லை. அடுத்த மாதம் குழு கூடும்போது இதை நினைவில் வைத்து வாக்களியுங்கள் என்று உங்கள் போதகனாக வேண்டுகிறேன்.

ஜெபம்

எங்களைக் காண்கிற தேவனே, வனாந்தரத்தில் ஆகாரின் அழுகையைக் கேட்டவரே, எங்கள் நகரத்தின் விடுதி அறைகளிலும் தடுப்பு முகாம்களிலும் விழித்திருக்கும் உம்முடைய குமாரத்திகளை நினைத்தருளும். சொல்ல முடியாததைச் சொல்ல அவர்களுக்குப் பெலன் தாரும். அதைக் கேட்கத்தக்க செவியையும் காக்கத்தக்க நாவையும் எங்களுக்குத் தாரும். நியாயம் விசாரிக்கிறவர்களின் இருதயத்தைத் திறந்தருளும். ஏரோதுக்குத் தப்பி, தாயின் மடியில் எகிப்துக்குப் போன இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.